பக்கத்து வீட்டுக்காரி

பல்கலைக்கழகத்துப் பேருந்துகள் தங்கச்சிமடத்துக் கோயில் திடலில் வந்து நின்றபோது ரெஜினா தன் வீட்டுக்காரனை இடப்பக்கமாகத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்புவது லேசான காரியம் இல்லை. அவன் இடுப்புக்குக் கீழே மடித்துப் போட்டிருக்கும் பழைய சேலையின் ஓரத்தை இரண்டு கையாலும் சுருட்டிப் பிடிக்க வேண்டும். முழங்காலைக் கட்டில் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, மூச்சைப் பிடித்து, சேலையோடு ஆளையும் இழுக்க வேண்டும். மேல்பாதியைச் சிலுவைமுத்து கையூன்றி ஒருவழியாகத் திருப்பிக்கொள்வான். கீழ்ப்பாதி தண்ணீர் குடித்த வலை மாதிரி கிடந்த இடத்தில் கிடக்கும்.

ஆடிக்காற்று விடியும் முன்பே ஏறிவிட்டது. கூரைத் தகரம் படபடத்தது. கதவைச் சாத்தினாலும் இடுக்கு வழியாக மணல் வந்து தரையில் கோடு கோடாகப் படிந்தது. கஞ்சியில் மணல், தலையணையில் மணல், புண்ணுக்குக் கட்டும் துணியை எடுத்து உதறினால் அதிலும் மணல். ஆடி முடிகிறவரை ரெஜினாவுக்கு இன்னொரு வேலை இந்த மணல்.

சிலுவைமுத்து மூன்று வருசமாக இந்தக் கட்டிலில்தான் கிடக்கிறான். விசைப்படகில் மடிவலை தூக்கும்போது, வலையை இழுக்கும் வின்ச்சின் கம்பிவடம் அறுந்து முதுகில் அடித்தது. கரைக்குக் கொண்டுவந்து, ராமநாதபுரம் போய், மதுரை போய், இரண்டு மாசம் கழித்துத் திரும்பி வந்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மூத்திரத்துக்குக் குழாய். முதுகின் அடியில் ஒரு புண். அது ஆறுவதும் வாய்திறப்பதுமாக இருந்தது. ஒரே மகன் ஆன்டோ பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனில் முகம் காட்டுவான். அவனுக்கும் அழுகை வரும், சிக்னல் போய்விடும்.

ரெஜினா முன்பெல்லாம் கரையில் மீன் ஏலம் எடுத்துக் கூடையில் சுமந்து பாம்பன் வரை விற்றுவந்தவள். இப்போது வீட்டோடு உட்கார்ந்து கடல்பாசி கட்டுகிறாள். கடலில் விட்டு வளர்ப்பதற்காகக் கயிற்றில் சாண் இடைவெளிக்கு ஒரு கொத்துப் பாசியை முடிந்துகொண்டே போக வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்யலாம் என்பதால் அந்த வேலை. பாசியின் உப்புத்தண்ணீரில் ஊறி அவள் விரல்நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியிருக்கும்.

போன வாரம் காளிராஜ் என்ற வாத்தியார் ஊருக்கு வந்து போயிருந்தார். பல்கலைக்கழகத்தில் சேவை நாள் என்று வருசத்துக்கு ஒரு நாள் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏதாவது ஓர் ஊருக்குப் போய் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பொறுப்பு அவர். நிரந்தர வேலைகூடக் கிடையாது அவருக்கு. சட்டை முதுகெல்லாம் வேர்வை.

"மரம் நட்டோம்மா, ஒண்ணும் பொழைக்கல. கடற்கரையக் கூட்டுனோம், மறுநாளே குப்ப. இந்த வருசம் வேற மாதிரி செய்வோம்னு பாக்குறேன். வீட்டுல படுக்கையா ஆளு கெடக்குற எடத்துல எங்க பிள்ளைக ரெண்டு பேரு காலையிலருந்து நாலு மணி வரைக்கும் இருப்பாக. நீங்க வெளிய போயிட்டு வாங்க. ஒங்களுக்கு ஒரு நாளு லீவு."

"நான் எங்க சார் போக?" என்று கேட்டாள் ரெஜினா.

"அது ஒங்க இஷ்டம்மா. சும்மா போயி ஒக்காந்துட்டு வாங்க."

அவர் போன பிறகு ரெஜினா அன்று சாயங்காலம் பாசி கட்டவில்லை. முற்றத்தில் நின்று கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் வீட்டின் பின்பக்கம் போய் யாருக்கோ போன் பேசினாள்.

*

வந்தது ஒரு பையனும் ஒரு பெண்ணும். பையன் பெயர் அஃப்ரித், பெரியபட்டினத்துக்காரன். வாப்பா சவூதியில். பெண் பானுப்பிரியா, ஆர்.எஸ்.மங்கலம் பக்கம் வயல்வேலை செய்கிற குடும்பம். இரண்டு பேரும் ஒரே மாதிரி வெள்ளைப் பனியன் போட்டிருந்தார்கள். முதுகில் பல்கலைக்கழகத்தின் பெயர். நடையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் வாடை அடித்தது. அஃப்ரித் மூக்கைப் பொத்தவில்லை. ஆனால் மூச்சு விடுவதை நிறுத்திவிட்டான் என்று தெரிந்தது.

"பயப்படாதிய தம்பி. ரெண்டு நிமிசத்துல பழகிரும்," என்றான் சிலுவைமுத்து கட்டிலில் இருந்தபடி.

ரெஜினா விடியும் முன்பே எழுந்து அவனைத் துடைத்து, வேட்டி மாற்றி, தலைசீவி வைத்திருந்தாள். இப்போது ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள்.

"இங்கன பாருங்க. இந்தப் பைதான் மூத்திரப் பை. பாதிக்கு மேல போச்சுன்னா கீழ இருக்க மூடியத் தொறந்து இந்த வாளியில விட்டுருங்க. பையக் கட்டிலுக்கு மேல தூக்கிறாதிய, திரும்ப உள்ள போயிரும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா திருப்பிப் போடணும். இழுக்கக் கூடாது தாயி, தூக்கணும். இழுத்தா தோலு வழண்டு போயிரும். கஞ்சி பானையில இருக்கு. சூடைக் கருவாடு சுட்டு வச்சிருக்கேன். முள்ளு எடுக்க வேண்டாம், அவுகளே எடுத்துக்கிருவாக. சுடுதண்ணி பிளாஸ்க்குல. தண்ணி கம்மியாத்தான் குடிப்பாக, நீங்கதான் குடிக்கச் சொல்லணும். எனக்கு வேல வைக்கக் கூடாதுன்னு குடிக்க மாட்டாக."

"கதை அளக்காத. பஸ்ஸு போயிரும்," என்றான் சிலுவைமுத்து.

"துணி நனைஞ்சிருச்சுன்னா?" என்று பானுப்பிரியா கேட்டாள்.

"தம்பி மாத்தட்டும். நீ வெளிய நின்னுக்க தாயி. அவுகளுக்குக் கூச்சம்."

அஃப்ரித் தலையாட்டினான்.

ரெஜினா நீலச் சேலை கட்டியிருந்தாள். பாதம் வரை இறக்கிக் கட்டி அவளை யாரும் பார்த்து வெகுநாளாகியிருந்தது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து தலையணையைச் சரிசெய்தாள். மறுபடியும் போய், மறுபடியும் வந்து கருவாட்டுச் சட்டியை மூடினாள்.

"பாம்பனுக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாரேன்."

"சரி."

"வேற எங்கயும் போகல."

"நான் ஒண்ணும் கேக்கலயே. போயிட்டு வா."

*

பாம்பன் வந்தபோது ரெஜினா இறங்கவில்லை. இறங்க வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. அவள் தூங்கிவிட்டிருந்தாள். பாலத்தில் ஏறியதும் காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. ஜன்னல் கம்பியில் தலை இடித்து ஒரு நொடி விழித்தாள். கீழே கடல் கலங்கலாகக் குமுறிக்கொண்டிருந்தது. திரும்பவும் கண் சொருகியது. மண்டபம் தாண்டி, உச்சிப்புளி தாண்டி, ஒரு விலக்கில் நடத்துனர் வந்து தோளுக்குப் பக்கத்துக் கம்பியைத் தட்டினார்.

"எக்கா, நீங்க கேட்ட எடம் வந்துருச்சு. எறங்குங்க."

விலக்கில் இருந்து மண்பாதை. இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். அந்த நேரத்துக்கே வெயில் காலைச் சுட்டது. பாதை முடிவில் கன்னியர் நடத்தும் இல்லம். வெள்ளையடித்த நீளமான கட்டடம், வேப்பமரங்கள், மரத்தடியில் சக்கரநாற்காலியில் மூன்று கிழவர்கள். ஒருவர் மற்றவருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். தரை ஈரமாகத் துடைத்திருந்தது. டெட்டால் வாசனை. மணல் இல்லை. ரெஜினா முதலில் பார்த்தது அதைத்தான்.

சிஸ்டர் கிறிஸ்டினா வரவேற்று உட்காரச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும். முழங்கைவரை ஈரம். யாரையோ குளிப்பாட்டிவிட்டு அப்படியே வந்திருந்தார்.

"போன்ல பேசினது நீங்கதானே? தங்கச்சிமடம்?"

"ஆமா சிஸ்டர். எங்க ஊர்ல ஒரு ஆளு. வின்ச்சு அடிச்சு இடுப்புக்குக் கீழ வெளங்காமக் கெடக்காரு. பாக்குறதுக்கு ஆளு இல்ல."

"யாருமே இல்லையா? மனைவி, பிள்ளைங்க?"

ரெஜினா மரத்தடியைப் பார்த்தாள். வழியெல்லாம், தூக்கத்திலும்கூட, இந்தக் கேள்விக்குத்தான் பதில் கட்டி வைத்திருந்தாள்.

"யாரும் இல்ல சிஸ்டர்."

"நீங்க?"

"நான் பக்கத்து வீடு."

"இங்க ஆள் இல்லாதவங்களத்தாம்மா எடுக்கிறோம். அதான் திரும்பத் திரும்பக் கேக்கிறேன். கோவிச்சுக்காதீங்க. புண்ணு இருக்கா?"

"இருக்கு. முதுகுக்கு அடியில, இந்தா, இம்புட்டு. போன மாசம் ஆறி வந்துச்சு. காத்து மெத்தை ஓட்டையாப் போனதுல திரும்ப வாயத் தொறந்துருச்சு. இடப்பக்கம் படுத்தா ஒண்ணும் செய்யாது. வலப்பக்கம் ரொம்ப நேரம் கெடந்தா கால் தன்னால வெட்டி வெட்டி இழுக்கும். அப்ப முழங்காலுக்கு எடையில தலகாணி வைக்கணும்."

"சாப்பாடு?"

"கஞ்சிதான் பிடிக்கும். மத்தியானம் சோறு கொஞ்சமாத்தான். அதிகமா வச்சா மறுநாள் வயித்தாலப் போகும். புளி ஆகாது. கணவாய்னா உசுரு, ஆனா குடுக்கக் கூடாது. சாயங்காலமானா பேச்சு கொறஞ்சுரும். அப்ப நம்மளும் பேசக் கூடாது. சும்மா பக்கத்துல இருந்தாப் போதும்."

சிஸ்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ இருமினார்கள்.

"நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கீங்களே, ஒங்க வீட்டுக்காரரு என்ன செய்றாரு?"

"படுத்திருக்காரு," என்றாள் ரெஜினா.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே கேட்டது. முகம் கறுத்துவிட்டது. எழுந்துகொண்டாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றாள்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. "ஒக்காருங்க," என்றார். "எத்தன வருசமா?"

"மூணு வருசமாச்சு சிஸ்டர். நான் கெட்டவ இல்ல."

"யாரு சொன்னா?"

"கை வலிக்குது சிஸ்டர். தோள்பட்டையத் தூக்க முடியல. அவுகளத் திருப்புறப்ப ஒரு நாளு விட்டுட்டேன். கட்டில்லருந்து பாதி சரிஞ்சுட்டாக. அப்ப எனக்கு எரக்கம் வரல, கோவம் வந்துச்சு. செத்தாத் தேவலன்னு நெனச்சேன். அவுகளா, நானான்னு தெரியல. அன்னையிலருந்து பயமா இருக்கு."

சிஸ்டர் எழுந்து போய் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கத்திரிக்காய்க் கூட்டும் கொண்டுவந்து வைத்தார். ரெஜினா அழுதுகொண்டே சாப்பிட்டாள். வேறொருத்தர் ஆக்கிய சோறு. இரண்டாவது தடவையும் வாங்கிக்கொண்டாள்.

"மனைவி இருக்கிறவர நிரந்தரமா எடுக்க முடியாதும்மா. எங்க சட்டம் அப்படி. ஆனா ஆஸ்பத்திரியில இருந்து வர்றவங்களுக்குன்னு ஒரு கட்டில் வச்சிருக்கோம். அது இப்ப காலி. பத்து நாள் வச்சுக்கிறேன். புண்ணையும் பாக்கிறோம். புதன்கிழமை எங்க வேன் மண்டபம் வரைக்கும் வரும், தங்கச்சிமடத்துக்கு அனுப்புறேன். அவர்கிட்ட கேட்டுட்டுச் சொல்லுங்க. கேக்காமக் கொண்டுவராதீங்க."

ரெஜினா தலையாட்டினாள். அப்படியே வராந்தா பெஞ்சில் சாய்ந்தவள் தூங்கிப்போனாள். சிஸ்டர் அவள் தலைக்கடியில் ஒரு மடித்த போர்வையை வைத்தது அவளுக்குத் தெரியாது.

*

தங்கச்சிமடத்தில் அந்நேரம் அஃப்ரித் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். துணி நனைந்திருந்தது. மாற்றி, துடைத்து, வாளியோடு வெளியே வந்ததும் அடக்க முடியவில்லை. முகம் கழுவிவிட்டு உள்ளே போனபோது சிலுவைமுத்து சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"மன்னிச்சுக்கங்க மாமா."

"எதுக்கு? முத நாளு நானே எடுத்தேன் வாந்தி. என் ஒடம்புதான், என்னாலயே தாங்க முடியல. அவ ஒரு நாளும் எடுத்ததில்ல."

பானுப்பிரியா கஞ்சி கொண்டுவந்தாள். சிலுவைமுத்து கருவாட்டை முள்ளெடுத்துத் தின்றான். கையும் தோளும் இன்னும் படகுக்காரன் கையும் தோளுமாகத்தான் இருந்தன.

"ரெஜினா எங்க போயிருக்கான்னு தெரியுமா?"

"தங்கச்சி வீட்டுக்குன்னு சொன்னாங்களே."

"தங்கச்சி நாகப்பட்டினம் போயி ஒரு வாரமாச்சு. இவ கன்னியர் மடத்துக்குப் போயிருக்கா. என்னையக் கொண்டு போயி விடுறதுக்குக் கேக்க. பின்பக்கம் நின்னு போன்ல பேசுனா. காலுதான் போச்சு எனக்கு, காது நல்லாக் கேக்கும்."

பானுப்பிரியா கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள், அஃப்ரித் பிளாஸ்க்கைத் திறந்து மூடினான். காலையில் பேருந்தில் கைதட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தவர்கள்.

"தப்புன்னு சொல்லல. நானா இருந்தா எப்பவோ கேட்டிருப்பேன்," என்றான் சிலுவைமுத்து. "தம்பி, ஒரு ஒதவி செய்வீயளா? அந்த மூலையில பாசிக் கயிறு கெடக்குல்ல, அதுல மொத்தமானதா ஒண்ண எடுங்க. மேல கூரையத் தாங்குற இந்த இரும்புக் குழாய்ல போட்டுக் கட்டணும். அதப் பிடிச்சு நானாத் தூக்கித் திரும்ப முடியுமான்னு பாக்கணும். அவட்ட ரெண்டு தடவ கேட்டேன். கூர தாங்காது, விழுந்துருவீகன்னு சொல்லிட்டா."

"அக்கா திட்டுவாங்கண்ணே," என்றாள் பானுப்பிரியா.

"திட்டட்டும். அவ வரும்போது நான் ஒத்தையாத் திரும்பிக் காட்டணும். பாதி வேல கொறஞ்சாக்கூட அவளுக்குப் போதும்ல."

அஃப்ரித் ஸ்டூலில் ஏறிக் குழாயைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தான். தாங்கியது. கயிற்றைப் போட்டுக் கட்டினான். சிலுவைமுத்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தான். கழுத்து நரம்பு புடைத்தது. உடம்பு மெத்தையில் இருந்து ஒரு சாண் எழும்பியது. இடுப்பை ஒருக்களிக்கப் பார்த்தான். முடியவில்லை. விழுந்தான். மறுபடியும். பானுப்பிரியா காலைப் பிடித்து உதவப் போனாள்.

"தொடாத பாப்பா. நானாச் செய்யணும்."

மதியம் முழுக்க அதுதான். வேர்த்து, மூச்சு வாங்கி, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, மறுபடியும் கயிற்றைப் பிடித்தான். ஒரு தடவை முழுசாகத் திரும்பிவிட்டான். காலும் பின்னாலேயே வந்து ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. மூன்று பேரும் கத்தினார்கள். பக்கத்து வீட்டு யாகப்பம்மாள் என்னமோ ஏதோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அஃப்ரித் சிரித்துக்கொண்டே விரிப்பைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் விரிப்பில் இரத்தத்தைப் பார்த்தான். உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்தது. புண் உரசிக் கிழிந்திருந்தது. சிலுவைமுத்துவுக்கு வலி தெரியாது.

*

ரெஜினா வரும்போது பானுப்பிரியா அழுதுகொண்டிருந்தாள். கயிறு தொங்குவதையும் விரிப்பையும் ரெஜினா ஒரே பார்வையில் பார்த்துவிட்டாள்.

"யாரு கட்டுனது இத? நான் என்ன சொல்லிட்டுப் போனேன்? இழுக்காதிய இழுக்காதியன்னு சொன்னேன்ல! ஒரு மாசமா ராத்திரி பகலாப் பாத்து ஆத்திக்கிட்டு வந்தேன். ஒரே நாள்ல கிழிச்சு வச்சிருக்கீக. இதுக்குத்தான் பஸ்ஸு வச்சு வந்தீகளா?"

"ஏ ரெஜினா, அவுகளப் பாத்துக் கத்தாத. நான்தான் கட்டச் சொன்னேன்."

"நீங்க பேசாதீக! புண்ணு ஒங்களுக்கா வலிக்குது? எனக்குல்ல வலிக்குது!"

ரெஜினா சேலையைத் தூக்கிச் செருகினாள். சுடுதண்ணீரை ஊற்றி, பஞ்சும் கட்டுத்துணியும் எடுத்துவந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, இங்கன வந்து தோளப் பிடிங்க. தூக்கிப் பிடிக்கணும்."

அஃப்ரித் பிடித்துக்கொண்டான். இப்போது அவன் முகத்தைத் திருப்பவில்லை. ரெஜினா புண்ணைத் துடைத்தாள். காற்று உள்ளே வராதபடி பானுப்பிரியா கதவிடுக்கில் சாக்கை வைத்துப் பிடித்தபடி நின்றாள். கட்டி முடித்த பிறகு ரெஜினா அவள் பக்கம் திரும்பினாள்.

"அழுவாத தாயி. எனக்குந்தான் மொத வாரத்துல இப்படிக் கிழிஞ்சுச்சு. யாரும் இல்ல திட்டுறதுக்கு. நானே என்னையத் திட்டிக்கிட்டேன்."

"அவங்க ஒங்களுக்காகத்தான்க்கா…" என்று தொடங்கிய பானுப்பிரியா சிலுவைமுத்துவின் பார்வையைக் கண்டு நிறுத்திக்கொண்டாள்.

அதற்குள் காளிராஜ் சார் வாசலில் வந்து நின்றார். கோயில் திடலில் நிறைவு விழா, எல்லாரும் வந்துவிட்டார்கள், ரெஜினாம்மா கட்டாயம் வர வேண்டும் என்றார். யாகப்பம்மாள் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார, ரெஜினா போனாள்.

பந்தல் துணி காற்றில் அடித்துக்கொண்டது. பேனரை நான்கு பையன்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரிய இடத்தில் இருந்து வந்தவர்கள் நாற்காலியில் இருந்தார்கள். பிள்ளைகள் தரையில், களைத்துப்போய், ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து. காளிராஜ் சார் மைக்கை ரெஜினாவின் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

"இந்த அம்மாவுக்கு மூணு வருசத்துல இதுதான் முத லீவு. சொல்லுங்கம்மா, இன்னைக்கு என்ன செஞ்சீங்க?"

எல்லாரும் பார்த்தார்கள். அஃப்ரித்தும் பானுப்பிரியாவும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தூங்குனேன்," என்றாள் ரெஜினா.

கைதட்டினார்கள். நாற்காலியில் இருந்த ஓர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். காளிராஜ் சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரெஜினாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. புறப்படும்போது அஃப்ரித் அவளிடம் வந்து, "அக்கா, இன்னொரு நாளு வரட்டுமா? இந்தச் சேவை நாளு இல்லாம, நானா?" என்று கேட்டான். "வாங்க தம்பி," என்றாள். வருவான் என்று அவள் நினைக்கவில்லை.

*

வீடு திரும்பி, யாகப்பம்மாளை அனுப்பிவிட்டு, ரெஜினா விளக்கைப் போட்டாள். நீலச் சேலையை மாற்றத் தெம்பு இல்லை. கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தாள். பொழுது மங்கி, கடல்பக்கம் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது.

"மடத்துல என்ன சொன்னாக?" என்றான் சிலுவைமுத்து.

அவள் திரும்பவில்லை. எப்படித் தெரியும் என்றும் கேட்கவில்லை.

"ஆளு இல்லாதவுகளத்தான் எடுப்பாகளாம்."

"இல்லன்னு சொல்லிருக்கலாம்ல."

"சொன்னேன்."

சிலுவைமுத்து அவள் பக்கம் தலையைத் திருப்பினான்.

"அப்ப நீ யாருன்னு சொன்ன?"

"பக்கத்து வீட்டுக்காரின்னு."

"எந்தப் பக்கம்? யாகப்பம்மா பக்கமா, அந்தப் பக்கமா?"

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் கேட்டது, தான் மாட்டிக்கொண்டது, பெஞ்சில் தூங்கியது, பத்து நாள் கட்டில்.

"ஒங்களக் கேட்டுட்டுத்தான் சொல்லணும்னாக. நீங்க வேணாம்னா வேணாம்."

"மணல் அடிக்குமா அங்க?"

"அடிக்காது."

"போறேன்," என்றான். பிறகு, "பயமாத்தான் இருக்கு," என்றான்.

"எனக்குந்தான்."

"ஒனக்கு என்ன பயம்? படுத்து ஒறங்கப் போற."

"பத்து நாளு ஒறங்கி எந்திரிச்சு, ஒங்களத் திரும்பக் கூட்டியாரணும்னு எனக்குத் தோணலன்னா?"

சிலுவைமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பேசுவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி பறந்தது.

"தோணலன்னா, ஒரு நாளு நேர்ல வந்து சொல்லிட்டுப் போ," என்றான். "சொல்லாம மட்டும் இருந்துறாத."

*

புதன்கிழமை வேன் வந்தது. தெருவில் பெண்கள் கூடி நின்றார்கள். ஒன்றிரண்டு பேர் காதில் விழும்படியே பேசினார்கள். வேன் போன பிறகு ரெஜினா கட்டிலைக் கழுவி வெயிலில் போட்டாள். உள்ளே வந்து வெறுந்தரையில் படுத்தாள். மறுநாள் யாகப்பம்மாள் கதவை உடைக்கிற மாதிரி தட்டிய பிறகுதான் எழுந்தாள். அதற்குப் பிறகும் தூங்கினாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கினாள். கோயில் மணி அடித்தது, தூங்கினாள். நடுவில் ஒரு நாள், பழைய மாதிரி கரைக்குப் போய் ஏலத்தில் நின்றாள். கூடை சுமந்தாள். தோள் வலித்தது. ஆனால் அது வேறு வலி. கரையில் யாரோ சொன்ன கேலிக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த பிறகு சுற்றிமுற்றிப் பார்த்தாள். வீடு திரும்பும் வழியில் கால் நடக்கவே மறுத்தது. வாசலில் வெகுநேரம் நின்றுவிட்டுத்தான் கதவைத் திறந்தாள்.

குறித்த நாளன்று காலையில் அவள் இல்லத்துக்குப் போனபோது சிலுவைமுத்து வேப்பமரத்தடியில் சக்கரநாற்காலியில் இருந்தான். முகம் மழித்து, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. புண் பாதிக்குமேல் ஆறிவிட்டதாகச் சிஸ்டர் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்த கிழவர்களிடம் ஏதோ கடல் கதை சொல்லிக்கொண்டிருந்தவன் அவளைக் கண்டதும் நிறுத்திவிட்டான். அவள் கிட்டே வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கூட்டிட்டுப் போக வந்தியா, சொல்லிட்டுப் போக வந்தியா?"

ரெஜினா பையில் இருந்து துவைத்த சட்டையை எடுத்து உதறினாள்.

"வேன் வெளிய நிக்கிது. அடுத்த தடவ எப்ப எடுப்பீகன்னு சிஸ்டர்ட்டக் கேட்டுட்டுத்தான் வாரேன்."

"என்ன சொன்னாக?"

"கிறிஸ்மஸ் கழிச்சுக் கேட்டுப் பாருன்னாக."

"சரி," என்றான் சிலுவைமுத்து. சட்டைக்குள் விடுவதற்காகக் கையை நீட்டினான்.